சிசேரியன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு: யாரும் எனக்குச் சொல்லாத நாற்பது நாள்

"வயித்த கிழிச்சு எடுத்துட்டாங்க, நோவு தெரியாம பெத்துட்ட, குடுத்து வெச்சவ நீ" என்று பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் சொல்லிவிட்டுப் போனார்கள். பதினான்கு மணி நேரம் வலி எடுத்து, குழந்தையின் துடிப்பு இறங்க ஆரம்பித்த பிறகுதான் என்னைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள் என்று ஒவ்வொருவரிடமும் விளக்க அப்போது எனக்குத் தெம்பில்லை. பிள்ளை யார் ஜாடை, பால் குடிக்கிறதா, தூங்குகிறதா என்று கேட்க ஊரே வந்தது. தையல் எப்படி இருக்கிறது என்று கேட்டது ஒரே ஒரு ஆயாம்மா. சென்னை தண்டையார்பேட்டையில் மாடிப் போர்ஷன் ஒன்றில், அம்மாவால் வர முடியாத நிலையில், வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஷிப்டுக்குப் போய்விட, அந்த நாற்பது நாளை நான் ஒன்றும் தெரியாமல்தான் கடந்தேன். ஒன்பதாம் நாள் தையலின் ஓரம் பிரிந்தது. பதினேழு நாள் கட்டு மாற்றினேன். கட்டுக்கும் ஆட்டோவுக்குமாக ஒரு நாளைக்கு 500 ரூபாய், மருந்துக்கு 2,400, சீழ் பரிசோதனைக்கு 900, மொத்தம் 11,800 ரூபாய் போனது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தெருவுக்குப் பத்துப் பேர் இதைக் கடந்திருப்பார்கள். ஒருத்தி கூட உட்கார வைத்துச் சொல்லவில்லையே என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அடிவயிற்றில் முடி வளரும் இடத்துக்குச் சற்று மேலே 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோலைக் குறுக்கே கீறுகிறார்கள். அடுத்தது கொழுப்பு. அதன் கீழே வயிற்றுத் தசையை மூடியிருக்கும் கெட்டியான வெள்ளை உறை. அதை வெட்டினால்தான் உள்ளே போக முடியும். தசையை வெட்டுவதில்லை, நடுவில் விலக்கிவிடுகிறார்கள். பிறகு வயிற்றின் உட்சவ்வு, கடைசியில் கர்ப்பப்பை. வெளித்தோல் ஏழு முதல் பத்து நாளில் ஒட்டிவிடும். அதைப் பார்த்துத்தான் வீட்டில் "தையல் காஞ்சிடுச்சு, இனிமே என்ன" என்பார்கள். ஆனால் வயிற்றைத் தாங்கிப் பிடிக்கும் அந்த வெள்ளை உறை ஓரளவு பலம் பெறவே ஆறு வாரம் வேண்டும். முழுப் பலத்துக்கு இன்னும் பல மாதம். டாக்டர் சொல்லும் ஆறு வாரக் கணக்கு இந்த உறைக்காகத்தான். கண்ணுக்குத் தெரியும் கோட்டை வைத்து நாள் குறிக்காதீர்கள்.

முதல் நாள் பெரும்பாலும் மயக்கத்திலும் நடுக்கத்திலும் போய்விடும். முதுகில் ஊசி போட்ட பிறகு பல் கிட்டும் அளவுக்கு உடம்பு நடுங்குவது சகஜம், ஜுரம் என்று பயப்பட வேண்டாம். சில மணி நேரத்தில் கால் மரத்தது தெளியும், கூடவே வலியும் வரும். இங்கே நான் செய்த தவறு, பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டது. மாத்திரை பாலில் இறங்கிப் பிள்ளைக்குப் போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு வேளையை விட்டேன். பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபெனும் பால் கொடுக்கும் தாய்க்குப் பாதுகாப்பானவை என்பதால்தான் டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். முதல் மூன்று, நான்கு நாள் வலி வந்த பிறகு தேடாமல், எழுதித் தந்த மணிக்கே போட்டுக்கொள்ளுங்கள். வலி ஏறிவிட்டால் இறக்க அதிக நேரமாகும், அதற்குள் நடப்பதும் பால் கொடுப்பதும் தள்ளிப்போகும். அல்சர், சிறுநீரகப் பிரச்சினை, ரத்தக்கொதிப்பு இருந்தால் மட்டும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மூத்திர டியூபைப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவார்கள். உடனே "எழுந்து நட" என்பார்கள். கொடுமையாகத் தெரியும், ஆனால் காரணம் உண்டு. பிரசவம் முடிந்த ஆறு வாரம் ரத்தம் உறையும் தன்மை அதிகம். படுத்தே கிடந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி உண்டாகி நுரையீரலுக்குப் போகலாம். குடல் வேலை செய்யத் தொடங்கவும் நடப்பது உதவும். வயிற்றில் வாயு நிறைந்து, சம்பந்தமே இல்லாமல் வலது தோள்பட்டையில் குத்துவது போல வலிக்கும். நெஞ்சுவலி என்று பயந்து அழுதேன். வயிற்றுக்குள் இருக்கும் காற்றும் ரத்தமும் உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் தெரியும் வலி அது. சில நாளில் தணியும். குடல் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள சிஸ்டர்கள் வந்து வந்து "காத்து பிரிஞ்சுதாம்மா?" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உட்கார்ந்தாலோ நின்றாலோ மண்டை பிளக்கும் தலைவலி, படுத்தால் உடனே குறைகிறது என்றால் அது வேறு. முதுகு ஊசித் துளையில் நீர் கசிவதால் வருவது, பெரும்பாலும் மூன்று நாளுக்குள் தெரியும். மயக்க மருந்து கொடுத்த டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள், வைத்தியம் இருக்கிறது.

எழுந்திருக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்ட வலியில் பாதி இதில்தான். மல்லாந்து படுத்திருக்கிறீர்கள். பழக்கதோஷத்தில் தலையையும் தோளையும் தூக்கி எழப் பார்ப்பீர்கள். அந்த நொடியில் விலக்கி வைத்த தசையும் தைத்த உறையும் ஒன்றாக இழுபடும், கத்தி மறுபடி இறங்கியது போல இருக்கும். அப்படி எழவே கூடாது. முதலில் ஒரு முழங்காலை மடியுங்கள், பாதம் மெத்தையில் பதியட்டும். பிறகு அடுத்ததை. தலையணையைத் தையல் மேல் வைத்து ஒரு கையால் அழுத்திக்கொண்டு, தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே கட்டையாக ஒரு பக்கம் புரளுங்கள். கட்டில் ஓரத்துக்கு வந்ததும் இரண்டு காலையும் கீழே தொங்கவிடுங்கள். கால் இறங்கும்போதே கீழே இருக்கும் முழங்கையை ஊன்றி, மேல் கையால் மெத்தையைத் தள்ளினால் உடம்பு தானாக நிமிரும். வயிற்றுக்கு வேலையே இல்லை. மூச்சைப் பிடிக்காமல் வெளியே விட்டபடி செய்யுங்கள். உட்கார்ந்த பிறகு இரண்டு நிமிடம் அப்படியே இருங்கள், தலை சுற்றும். படுப்பதும் இதையே தலைகீழாக. இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் தலையணையைத் தையலோடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தலையணை ஒரு மாதத்துக்கு உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.

நம் பக்கத்து வீடுகளில் பாய் போட்டுத் தரையில் படுப்பதுதான் வழக்கம். பச்சை உடம்புக்காரி தரையிலிருந்து எழுவது மேலே சொன்ன எந்த முறையிலும் சுலபமில்லை. யாரிடமாவது ஆறு வாரத்துக்குப் பலகைக் கட்டிலாகக் கேட்டு வாங்கிப் போடுங்கள். நாடாக் கட்டில் வேண்டாம், நடுவில் குழிந்து எழ விடாது. கட்டில் கிடைக்காவிட்டால் சுவரோரம் படுத்து, பக்கத்தில் உறுதியான ஸ்டூல் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருக்களித்து, முட்டி போட்டு, ஸ்டூலைப் பிடித்து எழலாம். இந்தியன் கக்கூஸ் இருக்கும் வீட்டில் அதற்கு மேல் போடும் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்று அவசியம். நான் 900 ரூபாய்க்கு வாங்கினேன், ஆனால் இருபதாம் நாள்தான் வாங்கினேன். அதுவரை குந்தி உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் கண்ணில் நீர் வந்தது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளுக்கு முன்பே இதையெல்லாம் வீட்டில் தயார் செய்யச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி வரும் வழியையும் யோசியுங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டும்போது ஒவ்வொரு குலுக்கலும் தையலில் தெரிந்தது. ஷேர் ஆட்டோ வேண்டவே வேண்டாம், பைக்கும் வேண்டாம். கார் என்றால் பெல்ட்டின் கீழ்ப்பட்டி தையலுக்குக் கீழே, தொடையோடு ஒட்டி வர வேண்டும், நடுவில் மெல்லிய துண்டு வைக்கலாம். அரசு மருத்துவமனையில் பிரசவமானவர்களை வீட்டில் கொண்டுபோய் விட 102 தாய்சேய் நல ஊர்தி இலவசமாக வருகிறது, கேட்டு வாங்குங்கள். மாடி ஏறும்போது வலுவான கால் முதலில், ஒரு படிக்கு இரண்டு காலும் வந்த பிறகே அடுத்த படி. ஒரு நாளைக்கு ஒரு முறை ஏறி இறங்கினால் போதும். பிள்ளை, பேட், துணி, மாத்திரை எல்லாம் ஒரே அறையில் கைக்கெட்டும் தூரத்தில், இடுப்பு உயரத்தில் இருக்கட்டும்.

இனி தண்ணீர். இதில்தான் எனக்கு அதிகக் கோபம். "தண்ணி அள்ளிக் குடிக்காத, புண்ணு ஆறாது, வயிறு பானையாட்டம் நின்னுக்கும், ஜன்னி வந்துடும்" என்று அத்தை ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீரோடு நிறுத்தினார். அவர் கெட்ட மனசில் செய்யவில்லை, அவருக்கு அப்படித்தான் செய்தார்கள். விளைவு, நான்கு நாள் மலம் போகவில்லை. மூத்திரம் மஞ்சள் திக்காகி எரிந்தது. முக்கினால் தையல் தெறித்துவிடும் என்ற பயத்தில் அடக்கினேன், அது இன்னும் இறுகியது. ஆபரேஷன் மருந்துகள் ஏற்கெனவே குடலை மந்தமாக்கியிருக்கும், இரும்புச்சத்து மாத்திரை அதை இன்னும் கட்டும், தண்ணீரும் இல்லையென்றால் வேறென்ன ஆகும்? தண்ணீர் குடிப்பதாலேயே தையலில் சீழ் பிடித்துவிடாது, வயிறும் பெருத்துவிடாது. பால் சுரக்கும் உடம்புக்கு ஒரு நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டர் போக வேண்டும். காய்ச்சி ஆற வைத்த நீராகக் கொடுங்கள் என்று சொன்னால் பெரியவர்களும் சமாதானமாகிறார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர் என்று கணக்கு வைத்துக்கொண்டால் எண்ண வேண்டியதில்லை. மலம் இறுகினால் லாக்டுலோஸ் சிரப் பால் கொடுப்பவர்களும் எடுக்கலாம், டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். முக்கும்போது காலுக்கடியில் சின்ன முக்காலி, தையல் மேல் மடித்த துண்டு.

பத்தியத்தில் எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். பூண்டுக் குழம்பும், காசிமேட்டிலிருந்து வந்த பால்சுறாவில் செய்த புட்டும் வாய்க்கு ருசியாக இருந்தன, மீனில் புண் ஆறத் தேவையான புரதமும் இருந்தது. சுறா பெரிய மீன், அதில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் தினம் வேண்டாம். நெத்திலி, மத்தி மாதிரிச் சின்ன மீன் தாராளமாகச் சாப்பிடலாம். முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை, உளுந்தங்களி எல்லாம் நல்லது. தப்பு எங்கே என்றால், ஒதுக்கும் பட்டியலில்தான். பழம் குளிர்ச்சி, தயிர் சளி, காய் வாயு என்று எல்லாவற்றையும் விலக்கிவிட்டால் நார்ச்சத்துக்கு எங்கே போவது? கொய்யா, பப்பாளி, வாழைப்பழம் தாராளமாகச் சாப்பிடலாம். தாய் பழம் சாப்பிட்டதால் பிள்ளைக்குச் சளி பிடிக்காது. இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் போட வேண்டும், கால்சியமும் ஆறு மாதம். இரண்டையும் ஒன்றாக விழுங்காதீர்கள், கால்சியம் இரும்பைச் சரியாக உடம்பில் சேர விடாது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு டீ, காபி வேண்டாம், எலுமிச்சைச் சாறு நல்லது.

இப்போது என் தையலுக்கு வருகிறேன். ஏழாம் நாள் "உடம்புக்கு ஊத்தணும்" என்று மஞ்சள் அரைத்துப் பூசி, கை பொறுக்காத வெந்நீரை வயிற்றில் ஓங்கி ஓங்கி அடித்து ஊற்றினார்கள். சுகப்பிரசவ உடம்புக்கு அது இதமாக இருக்கலாம். ஏழு நாள் தையலுக்கு அது அடி. அதற்கு மேல் பழைய வேட்டியை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். மே மாதம், மாடி வீடு, மின்சாரம் வேறு போய்ப் போய் வந்தது. பிரசவத்துக்குப் பிறகு தொங்கும் வயிற்று மடிப்பு தையல் மேல் விழுந்து, இடையில் வியர்வை ஊறி, தோல் வெளுத்துக் கிடந்தது எனக்குக் குனிந்தால் தெரியாது. தையல் இருக்கும் இடம் அப்படி. எட்டாம் நாள் இரவு குளிர் எடுத்தது. பால் கட்டிய ஜுரம் என்றார்கள். ஒன்பதாம் நாள் உள்பாவாடையில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை, கெட்ட வாடை. வலது ஓரத்தில் இரண்டு விரற்கடை பிரிந்திருந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்தபோது வந்த பயத்தை என்னால் இன்றும் எழுத முடியவில்லை.

தையலில் சீழ் பிடிப்பது பெரும்பாலும் நான்காம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான், அதாவது நாம் வீட்டுக்கு வந்த பிறகு. நெடுநேரம் வலி எடுத்து அவசரமாகச் செய்த சிசேரியன், சர்க்கரை, ரத்தசோகை, உடல் பருமன் இருந்தால் வாய்ப்பு அதிகம். அதனால் தினம் ஒரு முறை தையலைப் பார்த்தே ஆக வேண்டும். படுத்துக்கொண்டு மடிப்பை மேலே தூக்கிப் பிடித்து, செல்போனில் ஒரு படம் எடுங்கள். நேற்றைய படத்தோடு ஒப்பிட்டால் சிவப்பு பரவுகிறதா, வீங்குகிறதா என்று தெரிந்துவிடும். குளிக்கும்போது சோப்பு நுரை மேலிருந்து வழிந்து போனால் போதும், தேய்க்க வேண்டாம். சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, ஐந்து நிமிடம் மடிப்பைத் தூக்கி மின்விசிறிக் காற்றில் காய விடுங்கள். பிறகு மடிப்புக்கும் தையலுக்கும் இடையே கையகலப் பருத்தித் துணி, ஈரமானதும் மாற்ற வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு போகும். மஞ்சள், பவுடர், தேங்காயெண்ணெய், வேப்பிலை எதுவும் தையல் மேல் வேண்டாம். உள்ளாடை தொப்புள் வரை ஏறும் பெரிய அளவாக இருக்கட்டும், எலாஸ்டிக் தையல் மேல் உட்காரக் கூடாது. தலைக்கு ஊற்றினால் துண்டாலும் காற்றாலும் காய வைத்தால் போதும். மூடிய அறையில் சாம்பிராணிப் புகை பிறந்த பிள்ளையின் நுரையீரலுக்கு ஆகாது.

பிரிந்த பிறகு என்ன செய்வார்கள் என்பதும் தெரிந்திருந்தால் இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன். எனக்குப் பிரிந்தது தோலும் கொழுப்பும் மட்டும், உறை கெட்டியாக இருந்தது. உள்ளே தேங்கியதை வெளியேற்றி, சலைன் விட்டுக் கழுவி, துணி திணித்துக் கட்டினார்கள். தினமும் அதையே செய்ய, அடியிலிருந்து சிவப்பாகச் சதை வளர்ந்து மேலே வந்தது. சிலருக்கு, புண் சுத்தமானதும் மறுதையல் போடுவார்கள். ஒருமுறை சர்க்கரை அளவும் பார்த்துவிட வேண்டும், சர்க்கரை ஏறியிருந்தால் புண் மூடத் தாமதமாகும். நான் பிரசவம் பார்த்த தனியார் இடத்துக்கே ஓடி ஓடிப் போனேன். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் பக்கத்திலேயே இருக்கின்றன, அங்கே கட்டு மாற்றப் பணம் கேட்க மாட்டார்கள் என்ற எண்ணமே அப்போது எனக்கு வரவில்லை. உங்களுக்கு வரட்டும்.

பால் பற்றிச் சுருக்கமாக. சிசேரியனில் பால் ஊறுவது ஓரிரு நாள் தள்ளிப்போகலாம், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வந்துவிடும். அதுவரை வரும் சீம்பால் சொட்டுச் சொட்டாக இருந்தாலும் பிறந்த பிள்ளையின் வயிற்றுக்கு அது போதும். "பால் பத்தல" என்று டப்பாப் பாலைத் திறப்பதற்கு முன் பிள்ளை எத்தனை முறை மூத்திரம் போகிறது என்று எண்ணுங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, இப்படி ஏறி ஐந்தாம் நாளுக்கு மேல் ஆறு முறையாவது போனால் பால் போதுகிறது. முதல் சில நாளில் பிள்ளையின் எடை 10 சதவீதம் வரை குறைந்து, இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பும். அதற்கு மேல் குறைந்தாலோ, பிள்ளை எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டாலோ உடனே காட்ட வேண்டும். மடியில் போட்டால் பிள்ளையின் கால் தையலில் உதைக்கும். பிள்ளையை உங்கள் அக்குளுக்கு அடியில், கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி, தலையணை மேல் வைத்துக் கொடுங்கள். முதுகுக்கும் சாய்மானம் வேண்டும். முதுகில் போட்ட ஊசியால்தான் இடுப்பு வலி என்று எல்லோரும் சொல்வார்கள். மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்குக் காரணம் பெரும்பாலும் தளர்ந்த வயிற்றுத் தசையும், கூன் போட்டுப் பால் கொடுப்பதும்தான்.

மனசைப் பற்றி எழுதத்தான் தயக்கமாக இருக்கிறது, ஆனால் இதை விட்டால் மற்றதை எழுதியதில் அர்த்தமில்லை. நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. சாப்பாட்டில் உப்பு கம்மி என்று அழுதேன். ஹார்மோன் சட்டென்று இறங்குவதால் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் முக்கால்வாசித் தாய்மாருக்கு இது வரும், இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். எனக்குப் போகவில்லை. தையல் பிரிந்த பிறகு, நான் சரியாகப் பெறவும் இல்லை, பெற்றதைச் சரியாகப் பார்க்கவும் இல்லை என்ற எண்ணம் ராத்திரி மூன்று மணிக்கு வந்து உட்காரும். பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. பிள்ளை அழுதால் பாசத்துக்குப் பதில் கோபம் வந்தது, அந்தக் கோபத்தை நினைத்து இன்னும் அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை. "பச்ச உடம்புக்காரி அழுவக் கூடாது, பாலு வத்திடும்" என்பார்கள், அதனால் கக்கூஸில் போய் அழுவேன். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று இதற்குப் பெயர் இருப்பதே ஐந்தாவது வாரம்தான் எனக்குத் தெரியும்.

இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பர்க் அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் இருக்கின்றன, தமிழிலும் உண்டு. கடந்த ஏழு நாளை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். மொத்தம் 30 மதிப்பெண், 13 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு மட்டும் ஆம் என்று வந்தாலும் மற்ற மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. நான் கூப்பிட்டேன், பேசத் தொடங்கி ஐந்து நிமிடம் வெறுமனே அழுதேன், அவர்கள் காத்திருந்தார்கள். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: அவள் நாள்கணக்கில் தூங்காமல், இல்லாத குரல் கேட்கிறது என்றோ, பிள்ளையைப் பற்றி வினோதமாகவோ பேசினால் பேய், காத்து என்று மந்திரிக்கக் கொண்டுபோகாதீர்கள். அது அவசர சிகிச்சை தேவைப்படும் மனநோய். தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. சாதாரணச் சோர்வுக்கு வீட்டில் செய்யக்கூடிய பெரிய உதவி, ராத்திரியில் ஒரு பாலுக்கும் அடுத்த பாலுக்கும் நடுவே பிள்ளையை வேறொருவர் வைத்துக்கொண்டு அவளை நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்க விடுவது.

ஆறு வாரத்துக்குப் பிள்ளையின் எடைக்கு மேல் எதையும் தூக்காதீர்கள். மெட்ரோ தண்ணி லாரி வந்து குடம் குடமாக மாடிக்கு ஏற்றும் வீடுகளில் இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நிறைகுடம் 15 கிலோ. அந்த உறைக்கு அதைத் தாங்கும் பலம் இல்லை, குடலிறக்கம் வரலாம். யார் தண்ணீர் பிடிப்பது என்பதைப் பிரசவத்துக்கு முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள், எட்டாம் மாதத்தில் பேசினால்தான் நடக்கும். வயிற்று பெல்ட் முதல் சில வாரம் நடக்கும்போது வலிக்கு இதமாக இருக்கும், தூங்கும்போது கழற்றுங்கள், தொப்பை அதனால் கரையாது. படுத்தபடி மூச்சை வெளியே விட்டு அடிவயிற்றை மெல்ல உள்ளிழுப்பதையும், மூத்திரத்தை அடக்குவது போல அடித்தசையை ஐந்து நொடி இறுக்கி விடுவதையும் முதல் வாரத்திலேயே தொடங்கலாம். தையலைச் சுற்றி மரத்துப்போய், தொட்டால் வேறு யார் தோலையோ தொடுவது போல இருக்கும். சின்ன நரம்புகள் வெட்டுப்பட்டதால் அப்படி, திரும்பப் பல மாதமாகும், சிலருக்குக் கொஞ்சம் இடம் அப்படியே நின்றுவிடும்.

தீட்டு நான்கிலிருந்து ஆறு வாரம் வரை போகும், சிவப்பு பழுப்பாகி, பிறகு வெளுக்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்து, அடுத்த மணியும் அப்படியே ஆனால், எலுமிச்சை அளவில் கட்டி விழுந்தால், 100.4 டிகிரிக்கு மேல் ஜுரம் வந்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், பார்வை மங்கலோடு தலைவலி வந்தால் காலை வரை காத்திருக்காமல் 108. கடைசியாகச் சொன்ன தலைவலி ரத்தக்கொதிப்பு ஏறியதால் வருவதாக இருக்கலாம், கர்ப்பத்தில் ரத்தக்கொதிப்பே இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை அது வரலாம்.

பணத்துக்கு: தகுதியுள்ள குடும்பங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உண்டு, அதில் 14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. கர்ப்பம் தெரிந்ததுமே பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி எண் என்ற கர்ப்பிணிப் பதிவு எண்ணை வாங்கினால்தான் இது நகரும். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ரத்தவகை நெகட்டிவ் என்றால், பிள்ளைக்கு பாசிட்டிவாக இருந்தால், 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆறாவது வாரம் பரிசோதனைக்குப் பிள்ளையின் தடுப்பூசிக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பாமல், உங்கள் தையல், ரத்த அளவு, ரத்தக்கொதிப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கருத்தடைக்குக் காப்பர்-டியோ வேறு முறையோ அன்றைக்கே பேசிவிடுங்கள். பால் கொடுக்கும்போது கரு நிற்காது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கர்ப்பப்பைத் தழும்பு பலப்பட அடுத்த கர்ப்பத்துக்கு முன் ஒன்றரை வருடமாவது வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் சிசேரியன் ஏன் செய்தார்கள், கர்ப்பப்பையில் எந்த வாக்கில் கீறினார்கள் என்ற இரண்டும் எழுதியிருக்கிறதா என்று வாசலைத் தாண்டும் முன் பாருங்கள். அடுத்தது சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று முடிவெடுக்க அந்த இரண்டு வரிதான் டாக்டருக்குத் தேவை. எனக்குத் தந்த காகிதத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. எட்டு மாதம் கழித்து மூன்று முறை அலைந்துதான் எழுதி வாங்கினேன். அதைப் படம் எடுத்து என் போனிலும் வீட்டுக்காரர் போனிலும் வைத்திருக்கிறேன்.